தூளிப் பாறையில் கயிறு பிடித்தது யார்?

கரியாலூர் பக்கம்
12 ஜனவரி 2025

மாமாவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். கோவிச்சிக்கினு போனவன் நல்லாத்தான் இருப்பான். வூட்டுல நானு, பக்கத்து வூட்டுல எங்கூடப்பொறந்த கவியரசன் அண்ணன், கொட்டாயில ஆடு ரெண்டு. எல்லாரும் இருக்கோம். உன் ஃபோன நீயே அம்மி மேல போட்டு ஒடச்சிட்டுப் போனதால காகிதத்துல திட்ட வேண்டியதாப் போச்சு. கலையரசன் குடகுக்கு ஆளு ஏத்திக்கினு வேன் ஓட்டறான் இல்ல, அவங்கிட்டதான் குடுத்தனுப்பறேன். அவன் வாய் சும்மா இருக்காது. அதனால பின்னு அடிச்சிருக்கேன். பிரிஞ்சிருந்தா அவன் காதத் திருகு.

சங்கதி இதுதான். போன சித்திரையில நீ தூளிப் பாறையில தேன் எடுக்கறப்ப பந்தத்துல இருந்து நெருப்பு விழுந்து சீமார்ப்புல்லு சரிவு பூரா எரிஞ்சுதே, அதப் புடிச்சிக்கினு ஃபாரஸ்ட்டுக்காரங்க வுடல. பாறையையும் மூடணும், கீழ இருக்கற கடுக்காய்க் காட்டையும் மூடணும், எவனும் உள்ள வரக்கூடாதுங்கறாங்க. கடுக்காய் இல்லன்னா இந்த ஊரு இன்னா பண்ணும்னு உனக்கே தெரியும். நம்ம ஊரு வன உரிமைக் குழுவுல கேட்டதுக்கு, ஊரே ஒரு கட்டுப்பாடு எழுதிக் குடுத்தா வன உரிமைச் சட்டத்துல பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. பாறையில எவ்ளோ அடை கட்டியிருக்குது, எத அறுப்போம், எத தேனீக்கு வுடுவோம், எல்லாம் சொல்லணும். பிப்ரவரி இருபது வாக்குல கள்ளக்குறிச்சியில கூட்டம்.

கீழ இருந்து பாத்தா பாறை மூக்கு மறைக்குது. மேல இருந்து ஆளு எறங்கித்தான் பாக்கணும். எறங்கறவன் நீ. உன் கயிறும் இங்க இல்ல, நீ எடுத்துக்கினு போயிட்டன்னு எனக்குத் தெரியும். காப்பி பறிக்கப் போறவனுக்குத் தேன் கயிறு எதுக்குய்யா?

ரெண்டு நாளு வந்துட்டுப் போ. சண்டய அப்பால வெச்சிக்கலாம்.

எழில்மதி

*

சித்தாபுரம் எஸ்டேட் லைன், குடகு
20 ஜனவரி 2025

எழிலு,

கடுதாசி வந்துச்சு. பின்னு பிரியல. கலையரசன் காது தப்பிச்சுது.

நான் வரல. மேஸ்திரி அனுப்ப மாட்டான்னு பொய் சொல்லலாம், ஆனா சொல்லல. எனக்கு வர இஷ்டம் இல்ல, அவ்ளோதான்.

மார்கழியில ஊர்க் கூட்டத்துல இன்னா நடந்துச்சுன்னு மறந்துட்டியா? நான் பேசிக்கினு இருக்கறப்ப எழுந்து நின்னு, “பந்தம் வேணாம், பச்சத் தழைப் புகையே போதும், மேல் வரிசைய வுட்டுடணும்”னு சொன்ன. அது யாரு பேச்சு? திருநாவலூர்ல இருந்து வந்தானே அந்தப் பிரவீன்குமாரு, தேனீ ஆராய்ச்சி பண்றேன்னு சங்கராபுரத்துல ரூம் எடுத்துக்கினு தெனமும் பைக்குல மலை ஏறுறானே, அவன் பேச்சு. நீ சொல்லி முடிச்சதும் அவன் தலைய ஆட்டினான். நான் பாத்தேன். நல்லாப் பாடம் ஒப்பிச்ச பிள்ளயப் பாத்து வாத்தியாரு ஆட்டற மாதிரி. ஊரே பாத்துச்சு, புருஷன் சொல்றதுக்கு எதுத்து பொண்டாட்டி சொல்றான்னு.

அவன் எறங்கட்டும் பாறையில. பேண்ட்டு, ஷூவு, கழுத்துல பைனாகுலரு எல்லாம் வெச்சிருக்கான் இல்ல? எப்படி எறங்குவான்? தூளிப் பாறைக்கு எறங்கறவனுக்குக் கயிறு புடிக்க வேண்டியது அவன் பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன். மச்சான் மட்டும்தான் புடிக்கணும், ஏன்னா தங்கச்சி தாலிய நெனச்சிக்கினு புடிப்பான், கை தளர மாட்டான். அண்ணன் தம்பி புடிச்சாலும் நம்மாளு எறங்க மாட்டான். அந்தப் பிரவீன்குமாருக்கு நம்ம ஊருல ஏது மச்சான்?

கயிறு எங்கிட்டதான் இருக்குது. தலைக்கு வெச்சுப் படுக்கறேன். யாரு எறங்கறாங்கன்னு நானும் பாக்கறேன்.

மத்தபடி இங்க குளிரு ஜாஸ்தி. மெஸ்ஸுல செலினான்னு ஒருத்தங்க, சங்கராபுரத்துப் பக்கம்தான், கருவாட்டுக் கொழம்பு நல்லா வெக்கிறாங்க. அதனால ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல.

செழியன்

*

29 ஜனவரி

மாமாவுக்கு,

செலினா வெச்ச கருவாட்டுக் கொழம்பு தின்னு ஒடம்பு தேறிடுச்சுன்னு தெரிஞ்சு ரொம்ப சந்தோஷம். நான் வெச்சா முள்ளு இருக்குதும்ப. அங்க முள்ளே இல்லாத கருவாடு விக்குதா? அவங்களுக்குப் புருஷன் இருக்காரா, புள்ள இருக்குதா, ஒண்ணும் எழுதல. கொழம்ப மட்டும் எழுதியிருக்க. பரவால்ல.

இப்ப கேளு. பச்சத் தழைப் புகைன்னு சொன்னது என் பேச்சு. எங்கிட்டக் கேட்டுத்தான் அவரு எழுதிக்கினாரு. நீ எறங்கற ஒவ்வொரு வருஷமும் மேட்டுல நின்னுக்கினு தழைய ஒடிச்சுக் குடுத்தது யாரு? பந்தம் வேகமா வேலைய முடிக்கும்னு போன வருஷம் நீதான் மாத்தின. புகைக்கு ஈ ஒதுங்கும், திரும்பி வரும். நெருப்புக்குச் செத்து வுழும். இத சொல்றதுக்கு எனக்கு திருநாவலூர்ல இருந்து ஒருத்தரு வரணுமா? தலைய ஆட்டினாராம், இவரு பாத்தாராம். நான் பேசினத நீ கேக்கல, அவரு தலையத்தான் பாத்துக்கினு இருந்திருக்க.

என்னமோ நான் அவரோட பைக்குல ஊர் சுத்தறாப்பல எழுதியிருக்க. கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல ஒரு நாளு என்ன நீ பைக்குல ஏத்திக்கினு போயிருக்கியா? மேகம் அருவிக்குச் சங்கராபுரத்து ஜனமெல்லாம் வந்து குளிச்சிட்டுப் போவுது. பக்கத்துலயே இருக்கற நான் போனதில்ல.

கூட்டத்துக்கு நாளு நெருங்குது. அடை எவ்ளோ இருக்குதுன்னு சொல்லலன்னா நம்ம பேச்சு எடுபடாது. காட்ட மூடிடுவாங்க. கடுக்காய் பொறுக்கற பொம்பளைங்க எல்லாம் தெனமும் வூட்டு வாசல்ல வந்து நின்னு, “உன் புருஷன் எப்ப வர்றான்”னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும்? கோவம் தணியலன்னு சொல்லட்டுமா?

வர்ற வாரம் வேன் கெளம்பறப்ப ஏறி வா. இல்லன்னா கயிற மட்டுமாவது அனுப்பு.

இது கடைசித் தடவ கேக்கறேன்.

எழில்மதி

*

16 பிப்ரவரி

எழில்மதிக்கு,

கலையரசன் எல்லாம் சொல்லிட்டான்.

போன செவ்வாக்கெழம விடியக்காலையில கீழ் ரோட்டுல வேன நிறுத்தினானாம். தூளிப் பாறையில ஆளு தொங்கிக்கினு இருந்தானாம். பேண்ட்டு, முழுக்கை சட்ட, மூஞ்சியில துண்டு. மேல கயிறு புடிச்சிக்கினு நின்னது கவியரசன். அவன் கண்ணால பாத்தது. கயிறு மஞ்சா நைலான் கயிறு, மொத வெயிலுல பளபளன்னு தெரிஞ்சுதாம். நம்ம ஊருல மஞ்சா நைலான் கயிறு யாருகிட்ட இருக்குது? பேண்ட்டு போட்டுக்கினு மலை ஏறுறது யாரு?

இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. உங்க அண்ணன் கயிறு புடிச்சா, தொங்கறவன் உங்க அண்ணனுக்கு இன்னா மொற ஆவான்? உனக்கு இன்னா ஆவான்?

நான் பைத்தியக்காரன் இல்ல. அவன் ஏதோ ஆராய்ச்சிக்கு எறங்கினான், மொறையெல்லாம் அவனுக்குத் தெரியாதுன்னு சொல்லுவ. அவனுக்குத் தெரியாது. உங்க அண்ணனுக்குத் தெரியாதா? உனக்குத் தெரியாதா? நீ மேட்டுல நின்னியா இல்லையா? தழை ஒடிச்சுக் குடுத்தியா? அத மட்டும் சொல்லு. கலையரசன் உன்னப் பாக்கலன்னான். எனக்கு அதுதான் தாங்கல. நீ எங்க இருந்த? மேட்டுல மறைஞ்சு நின்னு அவனுக்குத் தழை குடுத்துக்கினு இருந்தியா?

நேத்து காப்பிச் செடிக்கு நடுவுல ஒக்காந்து அழுதேன். கூட இருக்கறவனுங்க பாத்து சிரிச்சானுங்க. சிரிக்கட்டும். எங்கல்யாணத்து அன்னிக்கு கவியரசன் எங்கைய புடிச்சிக்கினு சொன்னான், “இனிமே உனக்கு மட்டும்தான் கயிறு புடிப்பேன் மச்சான்”னு. அவன் கைய எவனுக்கோ குடுத்துட்டீங்க அண்ணனும் தங்கச்சியும்.

பதில் எழுத வேணாம். எழுதினாலும் படிக்க மாட்டேன்.

எழுதினா சீக்கிரம் எழுது.

செழியன்

*

24 பிப்ரவரி

யோவ்,

மாமான்னு எழுத வாய் வரல இன்னிக்கு. நீ எழுதினதப் படிச்சிட்டு அடுப்புல போடப் போனேன். அண்ணன் புடுங்கி வெச்சிக்கிட்டான். படிச்சிட்டு மொதல்ல சிரிச்சான். அப்பால உன்ன நெனச்சு அழுதான். எனக்கு ரெண்டும் வரல.

பேண்ட்டு உன்னுது. டிரங்குப் பொட்டியில இருந்த காவி கலரு பேண்ட்டு. சட்டையும் உன்னுதுதான், பொங்கலுக்கு எடுத்து நீ போடாம வெச்சிட்டுப் போனது. துண்டு என்னுது. தொங்கினது நான்.

நல்லாப் படி. இன்னொரு வாட்டி படி. தொங்கினது நான்தான்.

வேற இன்னா பண்ணச் சொல்ற? நீ வரல. கயிறும் வரல. பிரவீன்குமாரு, “நான் எறங்கறேன், பழக்கம் இருக்கு”ன்னாரு. அண்ணன் ஒரே வார்த்தையில முடிச்சிட்டான், “உங்களுக்கு நான் புடிக்க முடியாது சார், எனக்குத் தங்கச்சி ஒருத்திதான், அவளுக்குப் புருஷன் இருக்கான்”னு. அந்த ஆளு மூஞ்சி போன போக்கப் பாக்கணும் நீ. வேற யாராச்சும் எறங்கலாம்னா, அவங்கவங்க மச்சானுங்க கேரளாவுல ஒருத்தன் திருப்பூர்ல ஒருத்தன். நான்தான் சொன்னேன், “அண்ணா, எனக்கு நீ புடிப்பியா?”ன்னு. “உன் புருஷன் எறங்கறப்ப உன்ன நெனச்சிக்கினு புடிப்பேன். நீ எறங்கினா யார நெனச்சிக்கினு புடிக்கறது?”ன்னான். என்னயே நெனச்சிக்கினு புடின்னேன்.

பேண்ட்டு இடுப்புல நிக்காம சணல் கட்டியிருந்தேன், அது ஒரு பக்கம் அறுத்துச்சு. பாறை மூக்கத் தாண்டினதும் கீழ ஒண்ணும் இல்ல, காத்துதான். நீ இத்தினி வருஷம் எறங்கிட்டு வந்து, “ஒண்ணும் இல்ல, சும்மா”ன்னு சொல்லுவியே, பொய்க்காரா. ஒத்தையில தொங்கறப்ப ஈ சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. விடியக்காலப் பனியில ஈ எல்லாம் அடைமேல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சு. பெருசு பெருசா, கறுப்பா, வரிசையாத் தூளி கட்டினாப்பல. ஒரு அடையில அல அலயா ஈ அசைஞ்சுது. கொட்டும்னு பயந்தேன். கொட்டல. எனக்கு அழுக வந்துச்சு. இத எங்கிட்ட ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாம் நீ.

பிரவீன்குமாரு மேட்டுல இருந்து எட்டிப் பாத்துட்டு தல சுத்தி மல்லாக்கப் படுத்துக்கினாரு. நான் கத்திக் கத்திச் சொன்னத படுத்துக்கினே எழுதினாரு. கயிறு அவருதுதான். வேற கயிறு இல்ல. எங்க இருந்துச்சு நல்ல கயிறு, எவன் தலைக்கடியில இருந்துச்சுன்னு நீயே நெனச்சுக்கோ.

கூட்டம் முடிஞ்சுது. கடுக்காய்க் காடு நம்ம கையில. பாறையும் ஊரு கணக்குல. மேல் வரிசையில எப்பவும் கை வெக்கக்கூடாது, கீழ் வரிசையில ஈக்குஞ்சுப் புழு இருக்கற பக்கத்த வுட்டுட்டு தேன் இருக்கற பக்கத்த மட்டும் அறுக்கணும், பந்தம் கூடாது. எறங்கறவங்க யாருன்னு பேரு கேட்டாங்க. உன் பேரச் சொன்னேன். ஊருல இருந்து வந்தவங்களே ஒத்துக்கல, “இல்லாதவன் பேர எப்படி எழுதறது, எறங்கினவ பேர எழுதுங்க”ன்னாங்க. என் பேரத்தான் எழுதியிருக்குது.

இப்ப சொல்லு, தொங்கினவ உனக்கு இன்னா மொற?

எழில்மதி

*

5 மார்ச்

எழிலு,

கடுதாசிய எத்தினி வாட்டி படிச்சேன்னு சொன்னா சிரிப்ப. கலையரசன் சட்டையப் புடிச்சேன். அவன் “தூரத்துல பேண்ட்டுதான் தெரிஞ்சுது அண்ணே”ன்னு கால்ல வுழுந்துட்டான்.

அந்தப் பிரவீன்குமாரு மேல இருந்த பொறாம போயிடுச்சு. மல்லாக்கப் படுத்தான்னு படிச்சதும் வவுறு குளுந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா எழிலு, போன பொறாம முழுசாப் போவல. எடம் மாறி உக்காந்துக்கிச்சு. இப்ப உம்மேல.

அந்த எடத்த நான் மட்டும்தான் பாத்திருந்தேன். இந்த ஊருல மத்தவனெல்லாம் கீழ இருந்து பாத்தவன். ஈ அல அலயா அசையும்னு எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். உங்கிட்டச் சொல்லாததுக்குக் காரணம் கேட்டா எனக்கே தெரியல. எங்கிட்ட வேற ஒண்ணும் பெருசா இல்ல இல்ல, நெலம் இல்ல, படிப்பு இல்ல. அது ஒண்ணுதான் என்னுதுன்னு வெச்சிருந்தேன் போலக்கீது. இப்ப நீ போயி அதையும் பாத்துட்ட. பேரும் உம்பேரு. எஞ்சட்டையப் போட்டுக்கினு.

மேல் வரிசைய வுட்டுட்டீங்களாமே. எங்கிட்டக் கேட்டீங்களா? அதுலதான்டி நல்ல தேன். எடது பக்க மூலையில, பாறை வெடிப்புக்கு அடியில, எப்பவும் ஒரு பெரிய அடை கட்டும். வருஷா வருஷம் அங்கதான் கட்டும். நான் மொதல்ல அதத்தான் அறுப்பேன். அத எப்படி வுடச் சொல்லுவ? இந்த வருஷம் அது எப்படி இருக்குது? போன வருஷத்த விடப் பெருசா? அத மட்டும் எழுது.

அப்புறம், செலினாக்காவுக்குப் புருஷன் பேரு மைக்கேல்ராஜ். அவருதான் இங்க லாரி ஓட்டறாரு. கருவாடு அவரு வாங்கியாறதுதான். போதுமா?

செழியன்

*

11 மார்ச்

மாமாவுக்கு,

போதும்.

எடது மூலையில அடை இல்ல.

கூட்டத்துல நான் இதச் சொல்லல, கடுதாசியிலயும் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீயே கேட்டுட்ட. வெடிப்புக்கு அடியில பாறை கறுத்துப் போய் இருக்குது. பந்தத்துக் கரி. வெரல வெச்சுப் பாத்தேன், ஒட்டிக்கிச்சு. மழ பேஞ்சும் போவல, மேல பாறை மூக்கு இருக்குது இல்ல, தண்ணி படாது. பக்கத்துல எல்லாம் கட்டியிருக்குது. அந்தக் கறுப்புல ஒரு ஈகூட வந்து ஒக்காரல.

நான் அங்க தொங்கிக்கினு உன்ன நல்லாத் திட்டினேன். அப்பால உனக்கு அந்த எடம் எவ்ளோ புடிக்கும்னு தெரியுமே, அதனால வெரல ஈரம் பண்ணித் தொடச்சுப் பாத்தேன். தொடைக்கத் தொடைக்கப் பரவுது. வுட்டுட்டேன்.

மேல் வரிசைய வுடணும்னு மார்கழியில சொன்னத, கள்ளக்குறிச்சியிலயும் வுடாம சொன்னது அதனாலதான். உம்மேல கோவத்துல இல்ல. ஈ திரும்பி வர்றதுன்னா தானா வரணும், நாம கூட்டியாற முடியாது. நாம ஒதுங்கிக் குடுக்கத்தான் முடியும்.

என் பேரு எழுதினது உனக்குச் சுருக்குன்னு இருக்கும். எனக்கும் மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு, உன்ன ஜெயிச்சிட்டாப்பல. வூட்டுக்கு வந்து உன் சட்டையத் தொவைக்கறப்ப அந்த சந்தோஷம் கொஞ்சம் கம்மியாயிடுச்சு. சித்திரையில எறங்கணும். அண்ணனுக்குத் தோள்பட்ட வலி, ஒத்தையில புடிக்க முடியாதுங்கறான். பிரவீன்குமாரு கூட ஒரு கை புடிக்கறேன்னாரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.

எழில்மதி

*

20 மார்ச்

எழிலு,

இந்த வேனுல சாக்குல கட்டிக் கயிறு அனுப்பியிருக்கேன். வெயிலுல போட்டு ஒரு நாளு காய வை, குடகுப் பனியில ஊறிக் கெடந்துச்சு. நடுவுல ஒரு எடத்துல பிரி லேசா நைஞ்சிருக்குது, அண்ணங்கிட்டக் காட்டு, மாத்தி முறுக்கித் தருவான். அதுக்கு முன்ன அதுல எறங்காத.

கரியப் பத்தி படிச்சேன். அன்னிக்கு ராத்திரியே கயிறச் சாக்குல கட்டிட்டேன். அந்த மூலையப் பத்தி வேற யாருகிட்டயும் சொல்லாத. நானே வந்து குழுவுல சொல்றேன், மேல் வரிசைய வுட்டது சரிதான்னு. என் வாயால சொன்னா எதுத்துப் பேசறவனுங்களும் அடங்குவானுங்க.

இன்னொண்ணு. எழுதி எழுதி அடிச்சிட்டு, நாலு காகிதம் வீணாப் போச்சு. நேராவே சொல்லிடறேன். நீ எறங்கு. உம்பேருதான் இருக்குது, நீதான் எறங்கணும். கயிறு நான் புடிக்கறேன்.

மொற இல்லன்னு ஊரு சொல்லும். எதுக்கு மச்சான் புடிக்கணும்னு வெச்சாங்க? எறங்கறவங்களுக்கு ஒண்ணு ஆனா எவன் வூடு இருண்டு போவுமோ, அவன் கையிலதான் கயிறு இருக்கணும். உங்க அண்ணனுக்குத் தங்கச்சி போனா அவனுக்கு வூடு இருக்குது, பொண்டாட்டி இருக்குது, புள்ளைங்க இருக்குது. எனக்கு இன்னா இருக்குது? அதனால எங்கை ஒரு நாளும் தளராது. உங்க அண்ணன் புடிச்சான்னு படிச்சப்பவே எனக்கு அவன் மேலயும் எரிஞ்சுது. உன் உசுரு இன்னொருத்தன் கையில தொங்கிச்சேன்னு. சொந்தக் கூடப்பொறந்தவன் மேலயா பொறாமப்படுவன்னு நீ திட்டுவ. படுவேன்.

அடுத்த வேனுல வர்றேன். கருவாடு வாங்கியாறேன். முள்ளு இருந்தாலும் தின்னுக்கறேன்.

அந்த மஞ்சா நைலான் கயிற அவங்கிட்டத் திருப்பிக் குடுத்துடு. நீ கொண்டுபோயிக் குடுக்காத. அண்ணங்கிட்டக் குடுத்தனுப்பு.

செழியன்